பொதி எங்கே போனதென்று பொதிக்குத் தெரியும்

சென்ற வாரம், முன்பு என்னோடு வேலை செய்த றிபாயா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எங்கள் பழைய புடவைக்கடைக் கணினிச் செய்நிரலைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம். ஒன்றே ஒன்று மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொல்: பொதி.

"மிஸ், இந்தப் பொதி எண்டா என்ன, ஆரு வெச்ச பேர் எண்டு புள்ளையள் கேக்குதுகள். கொம்பியூட்டரிட்டயும் கேட்டுப் பாத்திரிக்குதுகள், அதுக்கும் தெரியல்லியாம். நீங்களே எழுதித் தாங்களேன்" என்றாள்.

கொம்பியூட்டருக்கே தெரியவில்லையாம்! எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இப்போது பக்கம் பக்கமாகச் செய்நிரல் எழுதித் தள்ளுகிற இயந்திரத்துக்குத் தெரியாத ஒன்று பழுகாமத்துக்காரி எனக்குத் தெரிந்திருக்கிறது. எழுதாமல் விடுவேனா?

நான் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கொழும்பில் குளிரூட்டிய அறை, அலுமாரி அளவு இயந்திரம், சம்பளப் பட்டியல் அச்சடிக்கும் செய்நிரல்கள். மேலிருந்து கீழாக வரிசையாகக் கட்டளை எழுதினால் அது வரிசையாகச் செய்யும். இதைத்தான் இருபது வருடத்துக்கு மேலாகச் செய்தேன். சண்டை ஓய்ந்த பிறகு ஒரு கொழும்புக் கம்பனி மட்டக்களப்பில் கிளை திறந்தபோது, ஊருக்கு வரக் கிடைத்ததே போதுமென்று வந்து சேர்ந்தேன். வாவியைப் பார்த்த மாடிக் கந்தோர். மத்தியானத்தில் காற்று வந்தால் மேசையில் இருக்கிற தாள் எல்லாம் பறக்கும்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அருளம்பலம் சேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

அவர் கோபத்தில் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிடிக்காத ஒன்றைக் கேட்டால் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டின் ஓரத்தில் துடைப்பார். நெடுநேரம் துடைத்தால் நெடுநேரக் கோபம். செய்நிரலைத் திரையில் பார்த்து அவருக்குத் திருப்தி வராது. அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கோடு போடும் அடிமட்டத்தை ஒரு வரிக்குக் கீழே வைத்து, வாசித்து, பென்சிலால் சரி போட்டு, அடிமட்டத்தை அடுத்த வரிக்கு இறக்குவார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து விழுந்தால்தான் அந்த மாற்றம் கடைக்குப் போகும். ஒரு கமா மாற்றினாலும் அதே சடங்குதான். அவர் லீவு என்றால் நாங்களும் லீவு மாதிரித்தான். ஆனால் நல்ல மனிதர். நோன்பு மாதம் வந்தால் றிபாயாவுக்கு முன்னால் பிளேன்டீ குடிக்க மாட்டார். பின்பக்கப் படிக்கட்டில் நின்று களவாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

நாங்கள் கடைகளுக்குச் செய்நிரல் எழுதினோம். ஏறாவூர்க் கடைக்கு ஒன்று எழுதினால் அதையே கொப்பி பண்ணி, இங்கே அங்கே மாற்றிக் காத்தான்குடிக் கடைக்குக் கொடுப்போம். ஒன்றில் பிழை வந்தால் எல்லாக் கொப்பியிலும் போய்த் திருத்த வேண்டும். ஒன்றில் திருத்த மறந்துபோவோம். எந்தக் கொப்பி எந்தக் கடையுடையது என்பதே சில நாட்களில் சண்டையாக வரும்.

கொழும்புத் தலைமையகத்துக்கு இது பொறுக்கவில்லை. இனிமேல் எழுதுவதெல்லாம் ஒப்ஜெக்ட் முறையில்தான் என்று உத்தரவு வந்தது. பாடப்புத்தகத்தில் பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் என்று பெரிய பெயர் இருக்கிறது. விசயம் அவ்வளவு பெரிதல்ல. பழைய முறையில் தரவெல்லாம் நடுமேசையில் கொட்டிக் கிடக்கும், எந்தக் கட்டளையும் வந்து எதையும் தொடலாம். புதிய முறையில் ஒவ்வொரு பொருளும் தன் விசயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும், தன் வேலையைத் தானே செய்யும். மற்றவர்கள் கேட்க மட்டும்தான் முடியும். பக்கத்து வீட்டில் சீனி வேண்டுமென்றால் வாசலில் நின்று கேட்போம். குசினிக்குள் போய்ப் போத்தலைத் திறக்க மாட்டோம். அவ்வளவுதான்.

இதைச் சொல்லித்தரக் கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்தார். படம் போட்டுக் காட்டினார். விலங்கு என்று ஒரு கிளாஸாம், அதாவது ஒரு பொருள் வகையாம், அதற்குக் கீழே நாயாம், பூனையாம். நாயிடம் சத்தம் போடச் சொன்னால் குரைக்குமாம். பூனையிடம் சொன்னால் மியாவ் என்னுமாம். கொக்கட்டிச்சோலையிலிருந்து வருகிற எங்கள் ஜெயந்தன் கையைத் தூக்கினான்.

"சேர், எங்கட வயல் வட்டையில எருமையும் கத்தும். அதுக்கு ஒரு கிளாஸ் போட்டா கடைக்கு என்ன பிரயோசனம்?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி பாவம், சிவந்துபோனார். நான் சிரித்துக்கொண்டே அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஜெயந்தன் பகிடிக்குக் கேட்டாலும் கேள்வி சரிதானே. நாய் பூனை யாருக்கும் தெரியும். ஒரு புடவைக்கடைக்குள்ளே இருக்கிற பொருள்கள் என்ன? அதை யார் தீர்மானிப்பது? எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியபிறகு ஒரு விசயம் என்னை இப்படிக் குடையும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

தேடிப் படித்ததில் ஒரு வழி அகப்பட்டது. அட்டைத் துண்டுகளில் விளையாடுகிற வழி. ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. மேலே பெயர். இடப்பக்கத்தில் அதற்கு என்ன தெரியும், என்ன செய்யும். வலப்பக்கத்தில் யாரிடம் உதவி கேட்கும். ஆளுக்கொரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வட்டமாக நிற்க வேண்டும். அட்டையில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதுவும் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. கையில் பந்து இருக்கிறவர்தான் பேசலாம். யாரிடம் உதவி கேட்கிறாரோ அவரிடம் பந்தை எறிய வேண்டும். பந்து போகிற பாதைதான் செய்நிரல் ஓடுகிற பாதை. ஜெயந்தன் தன் மென்பந்தைக் கொண்டுவந்தான்.

புதிய முறையில் முதல் வேலையாகக் காத்தான்குடியில் ஒரு பெரிய புடவைக்கடை எங்களுக்குக் கிடைத்திருந்தது. முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். ஆக, கடை அட்டைகள் எழுதினோம். சாறி, பில், கவுண்டர், வாடிக்கையாளர், முதலாளி. ஜெயந்தன் கவுண்டர். றிபாயா சாறி. அருளம்பலம் சேர் தானாகவே முதலாளி அட்டையை எடுத்துக்கொண்டார். வேறு யார் எடுப்பது?

விளையாட்டு தொடங்கியது. வாடிக்கையாளர் விலை குறைக்கச் சொன்னார். ஜெயந்தன் பந்தைச் சேரிடம் எறிந்தான். "குறைக்கலாம்" என்றார் சேர். சாறியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பந்து சேரிடம் போனது. வேறு நிறம் கேட்டார்கள். பந்து சேரிடம். பந்து எங்கே புறப்பட்டாலும் சேரிடம்தான் போய் நின்றது. பார்த்தால், எல்லா அட்டைகளிலும் வலப்பக்கத்தில் ஒரே வரியைத்தான் எழுதி வைத்திருந்தோம்: முதலாளியிடம் கேட்கும். எங்கள் கந்தோர் எப்படியோ அப்படியே அட்டையிலும் இறங்கியிருந்தது. ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. சேருக்கு நல்ல சந்தோசம்.

"நல்ல ஒழுங்கா இரிக்கு" என்றார். கையெழுத்தும் போட்டார்.

ஹாஜியாருக்குக் காட்டினோம். அவருக்கு அதைவிடச் சந்தோசம். "அதானே தங்கச்சி! என்னக் கேளாம கடையில ஒண்டும் நடக்கக் கூடா. மாஷா அல்லாஹ், நல்லாச் செஞ்சிரிக்கீங்க" என்றார்.

நோன்பு மாதத்தின் நடுப்பகுதியில் அதைக் கடையில் ஓட்டினோம். நானும் றிபாயாவும் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றோம். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹாஜியார் பள்ளிக்குப் போனார். அத்தோடு கடையும் நின்றது. ஒவ்வொரு திரையிலும் முதலாளியின் அனுமதிக்குக் காத்திருக்கிறது என்று எழுத்து. கவுண்டர்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டி வீதிக்குப் போனது.

அதிலும் மோசம், வீட்டுக்குப் போன சாறிகள். காத்தான்குடியில் பெருநாள், கலியாணம் என்று வந்தால் பல வீட்டுப் பெண்கள் கடைக்கு வருவதில்லை. நல்ல சாறிகளாகத் தெரிந்தெடுத்து, ஒரு துணியில் பொதியாகக் கட்டிக் கடைக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர்கள் பாயில் விரித்துப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள். பிறகுதான் பில். காலையில் ஒரு வீட்டுக்குப் போன சாறி பின்னேரம் இன்னொரு வீட்டுக்குப் போகும். எங்கள் செய்நிரலில் சாறிக்கு இரண்டே நிலைதான் இருந்தது: கடையில் இருக்கிறது, விற்றுவிட்டது. ஆகவே வீட்டுக்குப் போனதெல்லாம் விற்றதாகப் பதிவாகி, திரும்பி வந்ததெல்லாம் ஹாஜியாரின் அனுமதிக்காகக் குவிந்து கிடந்தன.

ஹாஜியார் வந்து பார்த்தார். வரிசையில் நின்ற சனம் எதிர்க்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. நோன்போடு நின்ற மனிதர், கத்தவில்லை.

"தங்கச்சி, பெருநாள் சனம் இன்னும் வரல்ல. அது வாறதுக்குள்ள சரியாக்கித் தாங்க. இல்லாட்டி நான் வேற கொழும்புக்காரன்ட புரோகிராமப் போட்டிருவன். கோவிக்காதீங்க."

கோபிக்க என்ன இருக்கிறது? அவர் சொன்னது நியாயம். ஆனால் விசயம் தலைமையகத்துக்குப் போனபோது அங்கிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. இந்தக் கடை கைவிட்டுப் போனால் மட்டக்களப்புக் கிளையை மூடிவிடுவார்கள், எல்லாருக்கும் கொழும்பில் மேசை தருவார்கள்.

எல்லாருக்கும் என்று எழுதியவர்களுக்கு றிபாயாவைத் தெரியாது. அவளுடைய உம்மா பாரிசவாதத்தில் படுத்த படுக்கை. மாப்பிள்ளை, அவள் புருசன், கட்டாரில். மகள் சின்னவள். அன்று பின்னேரம் கந்தோரில் முகத்தைத் திரைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"கொழும்புக்குப் போ எண்டா நான் வேலைய விடத்தான் வேணும் மிஸ். உம்மாவ ஆரு பாக்கிற? வீட்டில இரிந்து மாப்புளட காசப் பாத்துக்கிட்டு இரிக்கிறதுக்கா நான் இவ்வளவு படிச்ச? எனக்கு இந்த வேலையில எவ்வளவு ஆச தெரியுமா?"

அவள் அழுதாள். எங்கள் எல்லாரிலும் கெட்டிக்காரி அவள்தான். அவளை இழக்கவா நாங்கள் அட்டை விளையாடினோம் என்று எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அடுத்த நாள் காலையில் திரும்பவும் வட்டமாக நின்றோம். அதே அட்டைகள். அருளம்பலம் சேர் முதலாளி அட்டையோடு நடுவில் வந்து நின்றார். நான் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"சேர், நீங்க தொழுகைக்குப் போயிட்டீங்க."

"ஆரு, நானா?"

"ஓம் சேர். கார்டுப்படி நீங்க இப்ப பள்ளியில. வெளியால போங்க."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அசையவில்லை. பிறகு அவர் அட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே போய், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்தில் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்குப் போன சாறி திரும்பி வந்திரிக்கு" என்றேன். ஜெயந்தன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான்.

"ஆருக்கு எறியிற மிஸ்? சாறிக்கு எறிஞ்சா, வித்துப்போச்சு எண்டுதானே றிபாயா சொல்லும்?"

றிபாயா தன் சாறி அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேசைக்குப் போய் வெறும் அட்டை ஒன்றை எடுத்தாள்.

"எங்கட வீட்டுக்குச் சாறி தனியா வாறல்ல மிஸ். பொதியாத்தான் வரும். எந்த வீட்டுக்குப் போன, என்னென்ன சாறி போன எண்டு கேட்டா கடைக்காரனும் மறந்திருவான், நாங்களும் மறந்திருவம். அவிழ்த்துப் பாத்தாத்தான் தெரியும். அப்ப அது பொதிக்குத்தானே தெரியும்?"

அட்டையின் மேலே பொதி என்று எழுதினாள். எந்த வீட்டுக்குப் போனது என்பது தெரியும். உள்ளே போன சாறிகள் தெரியும். அவிழ்த்தால், வந்ததையும் வராததையும் தானே பார்க்கும். வராதது விற்பனை. அதற்குப் பில்லைக் கூப்பிடும்.

மனிதர்களுக்கு அட்டை எழுதியிருந்தோம். காசுக்கும் தாளுக்கும் அட்டை எழுதியிருந்தோம். கடையில் எல்லாரும் காலையிலிருந்து பொழுதுபடும் வரை தூக்கிக்கொண்டு திரிகிற பொதிக்கு அட்டை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் பொதியைக் கண்ணால் கண்டவள், கையால் தொட்டவள். கேட்க வேண்டியது அதனிடம் என்று எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

பந்து ஓடத் தொடங்கியது. கவுண்டரிலிருந்து பொதிக்கு, பொதியிலிருந்து சாறிக்கு, சாறியிலிருந்து பில்லுக்கு. ஒருவரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. ஜெயந்தனுக்கு இடக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

"சரி, பொதியில போகாத சாறி ஒண்டு அதுக்குள்ள வந்தா?"

"வரும்தானே" என்றாள் றிபாயா. "எங்கட ஊரில பொம்புளப் புள்ளையளுக்குச் சீதனமா வீடு குடுக்கிற பக்கத்துப் பக்கத்திலதானே. ராத்தாட வீடும் என்ட வீடும் ஒரே வேலி. அவட பொதியப் பாக்க நான் போவன், என்ட பொதியப் பாக்க அவ வருவா. சாறி வேலி தாண்டாதா?"

"தாண்டினா?"

"சாறியிட்டக் கேக்கிற. நீ எந்தப் பொதியில வந்த எண்டு. அது சொல்லும்."

கதவு திறந்தது. அருளம்பலம் சேர் உள்ளே வந்தார்.

"நான் வெளியால நிண்டன்" என்றார். "ஒருத்தரும் கூப்பிடல்ல."

கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப முதலாளிக்கு என்ன வேல?"

"அவர் எப்ப வேணுமெண்டாலும் பாக்கலாம் சேர்" என்றாள் றிபாயா. "அவருக்காகக் கட நிக்கத் தேவையில்ல, அவ்வளவுதான்."

சேர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். அதன்பிறகு செய்நிரலைத் திருப்பி எழுதிய நாட்களில் றிபாயா உம்மாவைப் பார்த்துக்கொள்ள ராத்தாவை, தன் அக்காவை, வைத்துவிட்டு நோன்போடு வந்து உட்கார்ந்தாள். சேர் அடிமட்டத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக இறக்கினார். இந்த முறை வாசிக்க வாசிக்க "இது என்னத்துக்கு?" என்று அவளிடம் கேட்டுக் கேட்டுப் போனார்.

பெருநாளுக்கு முதல் நாள் காத்தான்குடிப் பிரதான வீதியில் கால் வைக்க இடமில்லை. கடைக்குள் நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். அஸர் பாங்கு சொன்னது. ஹாஜியார் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போனார். றிபாயா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டோவில் பொதிகள் வந்து இறங்கின. கவுண்டர்காரர் ஒன்றை அவிழ்த்து, ஒவ்வொரு சாறியாக இயந்திரத்தில் காட்டினார். திரையில் பச்சை, பச்சை, பச்சை. பிறகு ஒரு மஞ்சள் சாறி. திரையில் வேறு எழுத்து வந்தது. கவுண்டர்காரரின் கை நின்றது. அவர் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பி "ஹாஜியார்!" என்று கூப்பிட வாயைத் திறந்தார்.

"நீங்களே வாசிங்க. வாசிச்சுப் பாருங்க" என்றாள் றிபாயா.

அவர் வாசித்தார். இந்தச் சாறி இன்னொரு பொதியில் பக்கத்து வீட்டுக்குப் போனது, அந்தப் பொதியின் கணக்கில் திரும்பியதாக வைக்கவா என்று திரை கேட்டது. அவர் ஓம் என்று தட்டினார். அடுத்த சாறியை எடுத்தார். வரிசை நகர்ந்தது.

சாறி வேலி தாண்டித்தான் வந்திருந்தது. நான் றிபாயாவைப் பார்த்தேன். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

ஹாஜியார் பள்ளியிலிருந்து அவசரமாக வந்தார். செருப்பை ஒழுங்காகப் போடக்கூட இல்லை. கடை தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. நாலாபக்கமும் பார்த்தார்.

"என்ன, ஒருத்தரும் என்னத் தேடல்லியா?"

"இல்ல ஹாஜியார்" என்றார் கவுண்டர்காரர், தலையை நிமிர்த்தாமலே.

அவர் முகத்தில் சந்தோசமும் இருந்தது, ஏதோ தொலைத்த மாதிரியும் இருந்தது. "அப்ப நான் இன்னும் கொஞ்சம் துஆ கேட்டுட்டே வந்திரிக்கலாமே" என்றார்.

கிளை மூடப்படவில்லை. பெருநாள் லீவு முடிந்து வந்த அன்று றிபாயா ஒரு சின்னத் திருத்தத்தை அச்சடித்துக் கொண்டு சேரின் மேசைக்குப் போனாள். சேர் அடிமட்டத்தை எடுத்தார். முதல் வரிக்குக் கீழே வைத்தார். பிறகு எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, தாள்களை அவளிடமே நீட்டினார்.

"நீயே போடு, புள்ள. இது என்னட்டக் கேக்கிற விசயமில்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், நடந்தது உண்மைதானா என்பது போல.

இப்போது சேரும் இல்லை, நானும் ஓய்வு. கிளைக்கு றிபாயாதான் பொறுப்பு. வீட்டுக்கு வந்த புதிதில் நான் கைத்தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். எத்தனை வருட வேலை, ஏதாவது ஒன்றுக்குக் கூப்பிட மாட்டார்களா? ஒருவரும் கூப்பிடவில்லை. பொறுக்க மாட்டாமல் நானே எடுத்தேன்.

"என்ன றிபாயா, ஏதும் கேக்கோணுமா?"

"ஒண்டுமில்ல மிஸ், எல்லாம் நல்லா நடக்குது. நீங்க சும்மா இரிங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, செருப்பைப் பாதி போட்டுக்கொண்டு கடை நடுவில் நின்ற ஹாஜியாரின் முகம் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற சேரும் வந்தார். சிரிப்பு வந்துவிட்டது.

அதனால்தான் பொதி பற்றிக் கேள்வி வந்ததும் பாய்ந்து விழுந்து எழுதினேன். இதுவரை எழுதியதை நேற்று அனுப்பினேன். உடனே றிபாயாவிடமிருந்து குறுஞ்செய்தி: "நல்லா இரிக்கு மிஸ். புள்ளையளுக்கு ஏத்த மாதிரி ரெண்டொரு இடம் மாத்தலாமா? மாத்திப்போட்டு உங்களுக்குக் காட்டட்டா?"

காட்டாமல் போடக் கூடாது, நான் வாசித்துச் சரி சொன்ன பிறகுதான் என்று தட்டினேன். தட்டியதை ஒருமுறை வாசித்தேன். முழுவதையும் அழித்தேன்.

"நீயே போடு, புள்ள" என்று அனுப்பினேன்.